கழுவிக் கொண்டுபோன ஈயக்குண்டு

தலைமன்னார்ச் சுங்க மேசையில் என் பையைத் திறந்த அதிகாரி, புடவை இருக்கிறதா, சட்டைத்துணி இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே கையை விட்டார். துண்டில் சுற்றியிருந்த பொருள் கையில் பட்டதும் கேள்வியை நிறுத்திவிட்டு அதை வெளியே எடுத்தார். ஒரு சாண் நீளம். கீழே தடிப்பு, மேலே மெலிவு, கயிறு கோக்க ஒரு துளை. மூன்று கிலோவுக்குக் குறையாது.

"என்ன இது?"

"ஈயம்."

"அது தெரியுது. என்னத்துக்குக் கொண்டு போறியள்?"

"உங்கள் நாட்டுப் பொருள். திருப்பிக் கொடுக்கப் போகிறேன்."

அவர் பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டார். "இஞ்சை வந்து பாரும். சாமானைக் கொண்டு போறவையைத்தான் இவ்வளவு நாளும் பிடிச்சனாங்கள். இவர் திருப்பிக் குடுக்க வாறாராம்!" இருவரும் சிரித்தார்கள். "கொண்டு போங்கோ ஐயா. இதுக்கு வரி போட எங்களட்டைச் சட்டமில்லை."

நானும் சிரிக்கப் பார்த்தேன். வரவில்லை.

என் மகன் முரளி சரித்திரத்தில் எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தான். யாழ்ப்பாணத்து வடகரையில், வல்வெட்டித்துறைக்குச் சற்றுத் தள்ளிய ஒரு சிற்றூரில், வாசிகசாலையோடு ஒட்டி ஓர் அறையில் பழம்பொருட்களைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். பாய்க்கப்பல் ஓட்டிய ஊர் அது. அந்தப் பொருட்களுக்குப் பட்டியல் எழுதுவதற்காக மூன்று மாதம் அங்கே தங்கியிருந்தான். பங்குனிக் கடைசியில் ஊர் திரும்பினான். ஆனியில் மூன்று நாள் காய்ச்சல். நான்காம் நாள் அவன் இல்லை.

ஆவணியில் அவன் பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. "அன்புள்ள தம்பி முரளிக்கு, சுகம், சுகமறிய ஆவல்" என்று தொடங்கியது. வருடாந்தம் பொருட்களைச் சரிபார்த்ததில் ஆழம் பார்க்கும் ஈயக்குண்டு ஒன்று குறைகிறது, இரவல் எழுதி வைக்கும் கொப்பியில் பதிவில்லை, தங்கள் சாமான்களோடு தவறுதலாக வந்திருந்தால் அறியத் தரவும் என்று முடிந்தது. அவன் இறந்தது அவர்களுக்குத் தெரியாது. நான் எழுதவில்லை. யாருக்குத்தான் எழுதினேன்?

பெட்டியைக் குடைந்தேன். அடியில், அவன் வேட்டிக்குள், இருந்தது.

நான் கும்பகோணத்துப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியர். பேனா திருடிய பையன்களின் தகப்பன்மார்களை வரவழைத்து எதிரில் நிற்கவைத்துப் பேசியிருக்கிறேன். அந்தத் தகப்பன்மார்களின் முகங்கள் எல்லாம் அன்று ஒன்றாக நினைவுக்கு வந்தன. தபாலில் அனுப்பியிருக்கலாம். ஆனால் என் மகன் திருடினானா இல்லையா என்பதைத் தபால் எனக்குச் சொல்லாது. அதற்காகவே போனேன். கேட்கவேண்டியவன் இல்லாததால் அங்கே இருப்பவர்களைத்தான் கேட்கவேண்டும்.

கிளம்புவதற்கு முந்தைய நாள் கிணற்றடியில் உட்கார்ந்து, புளியும் செங்கல் பொடியும் போட்டு அதைத் தேய்த்தேன். எங்கள் பக்கத்தில் பிறத்தியார் வீட்டுப் பொருளை அழுக்கோடு திருப்பித் தரமாட்டோம். அடியில் ஒரு குழி இருந்தது. அதில் ஏதோ எண்ணெய்ப் பிசுக்குப் போல இறுகிக் கறுத்துக் கிடந்தது. ஆணியால் சுரண்டி எடுத்தேன். என் மனைவி ராஜம் சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். முரளி போனதிலிருந்து அவள் ஒன்றும் சொல்வதில்லை. அடுப்புப் பக்கமும் போவதில்லை; அவள் தங்கைதான் வந்து பொங்கிப்போட்டுவிட்டுப் போகிறாள்.

யாழ்ப்பாண நகரத்தில் முதல் நாள் மழைத் தூறல். தேநீர்க் கடையில் சர்க்கரை இல்லாத சாயத் தண்ணீரும், தனியாக ஒரு துண்டுப் பனங்கட்டியும் வைத்தார்கள். கடித்துக்கொண்டு குடிக்கவேண்டுமாம். பனங்கட்டியைத் தேநீருக்குள் போட்டுவிட்டேன். அது கரையவில்லை. எதிரே இருந்தவர் பார்த்துவிட்டு, "இந்தியாவோ?" என்றார். ஆம் என்றேன். "அதுதானே" என்று பத்திரிகைக்குள் போய்விட்டார். எங்கள் ஊரில் என்றால் எந்த ஊர், என்ன வேலை, எத்தனை பிள்ளைகள் என்று வரிசையாகக் கேட்டிருப்பார்கள். கேட்காமல் விட்ட அந்த மனிதருக்கு மனதுக்குள் நன்றி சொன்னேன். எத்தனை பிள்ளைகள் என்ற கேள்விக்கு நான் இன்னும் பதில் தயாரிக்கவில்லை.

அரிசிக்குத் தட்டுப்பாடான காலம். தங்கிய இடத்தில் இரவுக்குப் பாணும் சம்பலும். பாண் என்பது ரொட்டி. சம்பல் சிவந்து, கண்ணில் நீர் வரும் காரம். பரிமாறியவர், "உறைக்குதோ ஐயா?" என்று சொதியை மேலே ஊற்றினார். தேங்காய்ப் பாலில் செய்த அந்தச் சொதியை முரளி கடிதத்தில் புகழ்ந்திருந்தான். "அம்மாவிடம் சொல்லாதீர்கள், இந்த ஊர் சமையல் நம் வீட்டைவிட நன்றாக இருக்கிறது" என்று. நான் அன்றே ராஜத்திடம் சொல்லிவிட்டேன். இரண்டு பேரும் சிரித்தோம்.

மறுநாள் பஸ் உடுப்பிட்டிக்கு அருகில் பெருமூச்சு விட்டு நின்றது. ஓட்டுநர் இறங்கி முன்பக்கத்தைத் திறந்தார். நடத்துநர் ஒரு மதகில் உட்கார்ந்து சுருட்டைப் பற்றவைத்தார். அதைப் பார்த்ததும் எல்லோரும் இறங்கிவிட்டார்கள். அவர் சுருட்டு எடுத்தால் அரைமணி நேரமாம், பீடி என்றால் பத்து நிமிடமாம். பக்கத்தில் நின்ற ஒரு அம்மாள் என் பையைத் தூக்கிப் பார்த்து, "என்னப்பா, கல்லோ கொண்டு போறியள்? எங்கடை ஊரிலை இல்லாத கல்லோ?" என்றாள்.

கடைசியில் வாடகைக் கார் ஒன்று வந்தது. எங்கள் ஊரில் மாப்பிள்ளை ஊர்வலத்துக்குக்கூட இப்போது வராத பழைய மாதிரி. ஒன்பது பேர் ஏறினோம். கதவோரம் எனக்கு இடம். "ஐயா, அந்தக் கதவை ஒருக்காப் பிடிச்சுக்கொள்ளுங்கோ" என்றார் ஓட்டுநர். "விட்டியளெண்டால் கதவு போனாலும் பறவாயில்லை, நீங்களும் போயிடுவியள்." ஒரு கையில் கதவு, மடியில் ஈயம். இரண்டு பக்கமும் பனையோலை வேலி. வேலிக்கு அப்பால் வெங்காயத் தோட்டங்கள். கடல் தெரிவதற்கு முன்பே அதன் வாடை வந்துவிட்டது.

வாசிகசாலையில் நான்கைந்து பேர் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்து அறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே போனவுடன் தென்பட்டது, ஒன்றுமே இல்லாத பெரிய மேடை. அதன்மேல் ஓர் அட்டை: "கிடாரம். பண்டத்தரிப்புக் கலியாணத்துக்குப் போயிருக்கிறது. வெள்ளிக்கிழமை வரும்."

முரளியின் கையெழுத்து இல்லை அது. ஆனால் அவன் கடிதத்தில் இதைப் பற்றி எழுதியிருந்தான். இந்த அருங்காட்சியகத்தில் பொருளைக் கொடுத்த வீட்டுக்காரர்கள், வேண்டும்போது கொப்பியில் எழுதிவிட்டு எடுத்துப்போய்ப் பயன்படுத்தலாம். குத்துவிளக்கு செத்தவீட்டுக்குப் போகும், ஊருக்கே சமைக்கும் பெரிய பாத்திரமான கிடாரம் கலியாணத்துக்குப் போகும். "இப்படி ஒரு மியூசியம் உண்டா அப்பா?" என்று முதல் மாதம் கோபமாக எழுதியிருந்தான். மூன்றாம் மாதம், "இப்படித்தான் இருக்கவேண்டும் அப்பா" என்று எழுதினான்.

"ஆர், இந்தியாக்காரரோ?" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. அறுபது வயது மதிக்கத்தக்க, தோளில் துண்டு போட்ட குட்டை மனிதர். நாகமணி என்று பெயர். கப்பலில் சமையல்காரராக இருந்து, பின்பு இந்த அறைக்குப் பொறுப்பானவர். முரளிக்குக் கடிதம் எழுதியவர் அவர்தான். என்னை ஏற இறங்கப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. "மூக்கைப் பார்க்கத் தெரியுது! முரளியின்ரை தேப்பனார்! எங்கை அந்தக் கள்ளன்? சாமானைக் கொண்டுபோய் வைச்சுக்கொண்டு உங்களை அனுப்பிப்போட்டு ஒளிச்சிட்டானோ?"

விளையாட்டாகத்தான் சொன்னார். நான் துண்டை அவிழ்த்து, குண்டை மேசைமேல் வைத்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் அது வெள்ளி போல் மின்னியது.

அவர் சிரிப்பு மெதுவாக நின்றது. குண்டைப் புரட்டி அடிப்பக்கத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு, வலப்பக்கக் கண்ணாடி அலமாரியை. அங்கே ஒரு வெற்றிடமும் ஓர் அட்டையும் இருந்தன. இந்த முறை முரளியின் கையெழுத்தேதான். 'ழ'வை அவன் எப்போதும் அளவுக்கு மீறிப் பெரிதாக எழுதுவான்.

"ஆழம் பார்க்கும் ஈயக்குண்டு. அடிக்குழியில் கொழுப்புத் தடவிக் கடலில் விட்டால், அடிமணல் ஒட்டிவரும். மணலைப் பார்த்துக் கப்பல் எங்கே நிற்கிறது என்று கப்பல் தலைவரான தண்டையல் சொல்லுவார். இதிலுள்ள மணல், இதை வைத்திருந்த தண்டையலின் கடைசிப் பயணத்தில் ஒட்டியது. தயவுசெய்து தொடவேண்டாம்."

இரண்டு முறை படித்தேன். மூன்றாம் முறை எழுத்துகள் தெரியவில்லை.

"கழுவினது நான்" என்றேன். "அவன் இல்லை. அவன் இப்போது... ஆனி மாதம் காய்ச்சல் வந்தது."

நாகமணி என்னை நாற்காலியில் உட்காரவைத்தார். வெளியே போய், பத்திரிகை படித்துக்கொண்டிருந்தவர்களிடம் ஏதோ சொன்னார். நாற்காலிகள் உராயும் சத்தம். ஒருவர் பின் ஒருவராக வந்து கதவருகே நின்றார்கள். ஒருவர் மட்டும், "எங்களோடை பந்தடிச்சவன்" என்றார்.

அன்று நாகமணி வீட்டில் தங்கினேன். சமையலை அவரே செய்தார். "மச்சம் சாப்பிடுவியளோ?" என்று கேட்டார். இல்லை, எங்கள் வீட்டில் மீன் வாடையே கிடையாது என்றேன். அவர் அகப்பையோடு நின்றுவிட்டார்.

"அப்ப அவன் ஒளிச்சுத்தான் குடிச்சிருக்கிறான்."

"என்ன?"

"ஒடியல் கூழ். நண்டும் மீனும் போட்டது. மூண்டு கோப்பை குடிப்பான். 'அப்பாவுக்கு எழுதிப்போடாதேங்கோ அண்ணை' எண்டு சிரிப்பான். நான் கப்பலிலை எத்தினை பேருக்குச் சமைச்சனான்? உவனைப்போலை ரசிச்சுச் சாப்பிட்ட ஒருத்தரைக் காணேல்லை."

பிட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் போட்டார். தின்றேன். என் பிள்ளையைப் பற்றி எனக்குத் தெரியாத ஒன்றை ஓர் அந்நியர் எனக்குச் சொல்கிறார். கோபம் வரவேண்டும். வரவில்லை. இன்னும் சொல்லமாட்டாரா என்றிருந்தது. ஆனால் கேட்கவேண்டியதைக் கேட்டேன்.

"அவன் திருடினானா?"

அவர் பிட்டுக் குழலைக் கீழே வைத்தார். "மாஸ்ரர், அவன் களவெடுக்கிற பொடியனில்லை. அது எனக்குத் தெரியும். ஆனால் கொப்பியிலை பதிவில்லை. அதுவும் எனக்குத் தெரியும். நாளைக்குக் காலமை தங்கம் அக்கான்டை போவம். குண்டு அவவின்ரை மனுசன்ரை."

தங்கம் அக்காவின் வீடு கடலைப் பார்த்து இருந்தது. என்னைவிடச் சற்று மூத்தவர். கப்பலோட்டிய தண்டையலின் விதவை. செய்தி இரவே போயிருந்தது போல, கண் வீங்கியிருந்தது. வராந்தாவில் பாய் விரித்து எங்களை உட்காரச் சொன்னார். குண்டை அவர் முன்னால் வைத்தேன். அடிக்குழிக்குள் ஒரு விரலை விட்டு மெல்லச் சுற்றினார்.

"வடிவாய்த்தான் கழுவியிருக்கிறியள்" என்றார்.

மன்னிக்கவேண்டும் என்றேன். எனக்குத் தெரியாது என்றேன். எங்கள் ஊர்ப் பழக்கம் அது என்றேன். மூன்றும் அந்த வராந்தாவில் உதவாத வார்த்தைகளாக விழுந்தன.

அவர் எழுந்து உள்ளே போய் ஒரு தபாலட்டையைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினார். நம் நாட்டு முத்திரை. வைகாசியில் எழுதியது. "அன்புள்ள அக்காவுக்கு, குண்டு பத்திரம். பெட்டிக்கு அடியில் வேட்டியில் சுற்றி வைத்திருக்கிறேன். மண் ஒரு பொட்டும் உதிரவில்லை. தை பிறக்குமுன் நானே கொண்டுவந்து தருவேன். நாகமணி அண்ணையிடம் நானே சொல்லி அடி வாங்கிக்கொள்கிறேன். நீங்கள் மாட்டிக்கொள்ள வேண்டாம்."

"நான்தான் எடுத்தது" என்றார் தங்கம் அக்கா, நாகமணியைப் பார்த்து. "போற அண்டைக்கு அவன்ரை பெட்டியிலை வைச்சது நான்தான்."

"அக்கா, குடுத்தவ நீங்கள். எழுதிப்போட்டு எடுத்திருக்கலாமே!"

"எழுதினா நீர் விட்டிருப்பீரோ? கடல் தாண்டிப் போகக்கூடாதெண்டு சட்டம் போட்டது ஆர்?" பிறகு என் பக்கம் திரும்பினார். "எங்கடை வீட்டிலை ஒரு வழக்கம், ஐயா. கடல் தாண்டிப் போறவைக்கு ஒரு இரவல் சாமான் குடுத்து விடுறது. கொண்டந்து தந்தே ஆகவேணும். அவர் ஒவ்வொரு பயணமும் என்ரை அம்மாவின்ரை செம்பைக் கொண்டு போவார். ஒவ்வொரு முறையும் செம்பும் வந்தது, அவரும் வந்தார். கடைசியிலை இந்த வீட்டிலை, என்ரை மடியிலைதான் கண்ணை மூடினவர். மூத்தவன் மட்டும் வெளிநாட்டுக் கப்பல் கிடைச்சுதெண்டு அவசரமாய்ப் போனான். ஒண்டும் கொண்டு போகேல்லை. நாலு வருசம். கடுதாசி இல்லை."

நிறுத்தினார். பிறகு சொன்னார்: "உங்கடை பிள்ளைக்கு நான் என்னட்டை இருந்ததிலை பெரிசைக் குடுத்து விட்டன். 'கொப்பியிலை எழுதவேணும் அக்கா, பிழை' எண்டு சண்டை பிடிச்சவன். நான்தான் விடேல்லை."

என் மகன் திருடனில்லை. அந்த நிமிடம் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது உண்மை. இறங்கிய கையோடு வெட்கமாகவும் இருந்தது. என் எதிரில் இருந்தவர் கணவன் தொட்ட கடைசி மண்ணை என்னால் இழந்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார். நானோ நிம்மதி அடைகிறேன்.

"சாமான் வந்திட்டுது" என்றார் அவர், குண்டைப் பார்த்து.

மத்தியானம் மூவரும் வாசிகசாலைக்குப் போனோம். நாகமணி இரவல் கொப்பியை விரித்தார். கொண்டுபோனவர் என்ற இடத்தில் முரளியின் பெயரை எழுதினார். திருப்பித் தந்தவர் என்ற இடத்தில், "தகப்பன்" என்று எழுதி என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். எத்தனையோ பையன்களுக்குத் தகப்பன் என்ற இடத்தில் யார் கையெழுத்துப் போட்டார்கள் என்று சோதித்தவன் நான். முழுப் பெயரையும் எழுதினேன்.

கடைசி இடம், சாமானின் நிலை. மேலே எல்லா வரியிலும் "நல்லது" என்றே இருந்தது. அவர் பேனா அங்கே நின்றது.

"உள்ளதை எழுதுங்கள்" என்றேன். "மண் போய்விட்டது, கழுவியது இன்னார் என்று."

"நல்லது எண்டே எழுதும்" என்றார் தங்கம் அக்கா.

"அப்ப அட்டை?" என்று நாகமணி கேட்டார். "மண் இருக்கெண்டு கிடக்கே. பார்க்க வாறவை கேட்பினம்."

"கேட்டா என்னட்டை அனுப்பும். பொடியன் எழுதினது கிடக்கட்டும்."

குண்டை அலமாரிக்குள் வைத்தார்கள். இல்லாத மணலைத் தொடவேண்டாம் என்று என் மகனின் கையெழுத்து சொல்லிக்கொண்டிருந்தது. நான் வெளியே வந்துவிட்டேன்.

நான்காம் நாள் காலை பஸ் நிறுத்தத்துக்குத் தங்கம் அக்கா வந்தார். கையில் ஒரு தகரப் பேணி. பழைய பிஸ்கட் டின். உள்ளே பயத்தம் பணியாரம். "பொடியனுக்கு விருப்பம். தாய்க்குக் குடுங்கோ" என்றார். பஸ் வந்துவிட்டது. ஏறி உட்கார்ந்தேன். அவர் ஜன்னலுக்குக் கீழே நின்றுகொண்டு, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னார்: "பேணியைத் திருப்பித் தரவேண்டாம் ஐயா."

பஸ் நகர்ந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் ராஜத்திடம் சொல்ல நினைத்தேன். முடியவில்லை. பேணியை மட்டும் கொடுத்தேன். பணியாரம் இரண்டு நாளில் தீர்ந்தது. அவளும் ஒன்று தின்றாள். மூன்றாம் நாள் காலை கிணற்றடியில் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். பேணியையும் செங்கல் பொடியையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"தேய்க்காதே!" என்று கத்திவிட்டேன்.

அவள் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். "தேய்க்காம எப்படிங்க ஒருத்தர் வீட்டு டப்பாவத் திருப்பித் தர்றது?"

மூன்று மாதத்தில் அவள் பேசிய முதல் முழு வாக்கியம் அது. பக்கத்தில் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து சொன்னேன். குண்டு, மண், தபாலட்டை, ஒடியல் கூழ், எல்லாம். மீன் என்றதும் அவள் வாய் கோணியது. சிரிப்பா அழுகையா என்று கண்டுபிடிப்பதற்குள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

திருப்பித் தரவேண்டாம் என்று சொன்னார்கள் என்றேன்.

"அவங்க சொல்லுவாங்க" என்றாள். பேணியைத் திறந்து, மூலைகளில் ஒட்டியிருந்த பயற்றமாவைப் பார்த்தாள். தேய்க்கவில்லை. மூடியை மட்டும் போட்டாள். "வெறுமனே தரக்கூடாது. அவங்களுக்கு என்ன பிடிக்கும்?"

எனக்குத் தெரியவில்லை. அவனுக்குத் தெரிந்திருக்கும்.

அன்று மத்தியானம் நாகமணிக்கு ஒரு கடிதம் எழுதினேன். தங்கம் அக்கா என்ன பலகாரம் விரும்பிச் சாப்பிடுவார் என்று கேட்டு அறியத் தரவும் என்று எழுதி, அடியில் இன்னொரு வரி சேர்த்தேன். பேணி எங்களிடம் இருக்கிறது, கொப்பியில் எழுதிக்கொள்ளவும்.